மாமரத்துக்கு வெல்லத் தண்ணி ஊற்றினால் பூக்குமா?

மாந்தோப்பு, டேனிஷ்பேட்டை | 27 ஆகஸ்ட் 2023

மல்கோவா 14 மரம், வயசு 22. போன வருஷம் கிளைக்கு முட்டுக் கொடுக்கிற அளவுக்குக் காய்ப்பு. இந்த வருஷம் வெறும் துளிர்தான், பேருக்குக்கூடப் பூ இல்லை. பூ பூக்கச் சர்க்கரை வேணும், காய்த்து ஓய்ந்த மரத்தில் சர்க்கரை இருக்காது, அதனால் 200 லிட்டர் தண்ணியில் 10 கிலோ வெல்லம் கரைத்து வேருக்கு ஊற்று என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். முதல் பாதி சரி மாதிரி படுது. இரண்டாம் பாதி?

அடிவாரம் | 27 ஆகஸ்ட் 2023

முதல் பாதி முக்கால்வாசி சரி. இரண்டாம் பாதி முழுத் தப்பு. அந்த 10 கிலோவைப் பொங்கலுக்கு எடுத்து வையுங்க.

மரத்தில் சர்க்கரையைச் செய்வது இலை. தின்பது வேர். இலையில் செய்த சுக்ரோஸ் பட்டையின் உள்பக்கம் இருக்கும் ஃபுளோயம் வழியாக வேருக்கு இறங்குகிறது. மண்ணில் ஊற்றிய வெல்லம் அந்தக் குழாயில் ஏறி மேலே போகாது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சில நாளில் அதைத் தின்று முடித்துவிடும். தின்கிற ஜோரில் அங்கே கிடக்கும் தழைச்சத்தையும் கொஞ்ச நாளைக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அளவையும் பாருங்க. ஒரு மரத்தில் 100 கிலோ பழம் எடுத்தால் அதில் சதை 65 கிலோ. சர்க்கரை 14 சதவீதம் என்று வைத்தால் 9 கிலோ. ஒரு மரத்துப் பழத்தில் மட்டும் அவ்வளவு போகிறது. உங்கள் 10 கிலோவை 14 மரத்துக்குப் பிரித்தால் தலைக்கு 700 கிராம்.

அடிவாரம் | 28 ஆகஸ்ட் 2023

நேற்று "இறங்குகிறது" என்று எழுதியதைத் திருத்தணும். ஃபுளோயத்துக்கு மேல் கீழ் கிடையாது. செய்கிற இடத்திலிருந்து செலவாகிற இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். துளிர் விடும்போது அடிமரத்துச் சேமிப்பு மேலே ஏறும்.

எப்படிப் போகிறது என்று 1930-ல் எர்ன்ஸ்ட் முன்ஷ் சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் அடிப்படை. இலைப் பக்கம் சர்க்கரையை ஏற்றினால், வேரிலிருந்து தண்ணீர் ஏற்றும் பக்கத்துக் குழாயான சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே வரும், அழுத்தம் கூடும். பூ, காய், வேர் பக்கம் சர்க்கரையை இறக்கினால் தண்ணீர் வெளியேறும், அழுத்தம் குறையும். இந்த வித்தியாசத்தில் சாறு ஓடுகிறது. மேட்டூரில் எவ்வளவு தண்ணி நின்றாலும் கடைமடையில் மடை திறந்தால்தானே அங்கே பாயும்? பூவும் அப்படித்தான், தன் பக்கத்து மடையைத் திறந்தாகணும்.

அந்த மடை இன்வர்டேஸ் என்கிற நொதி. வந்து சேர்ந்த சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். உடைத்துவிட்டால் இந்தப் பக்கம் சுக்ரோஸ் குறைகிறது, அடுத்தது வந்து நிற்கிறது. மொட்டு, மகரந்தப்பை, சூலகம் மூன்றிலும் செல் சுவரை ஒட்டி இது வேலை செய்கிறது. சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடுகிற வாயில் புரதங்களும் உண்டு. ஸ்வீட் என்று பெயர் வைத்து 2010-ல் அறிவித்தார்கள். பூத்தேன் சுரப்பதும் இந்தக் குடும்பத்து ஒரு புரதத்தால்தான்.

எல்லாருக்கும் சம பங்கு கிடைக்காது. முதல் பந்தி வளரும் விதைக்கு. பிறகு பழச்சதை, துளிர் நுனி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வளரும் படலமான கேம்பியம், வேர். கடைசிப் பந்தி சேமிப்பு. 2022-ல் உங்கள் மரத்தில் முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்துவிட்டது.

மாந்தோப்பு, டேனிஷ்பேட்டை | 28 ஆகஸ்ட் 2023

சரிங்க. இப்ப மரத்தில் கையிருப்பு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அடிவாரம் | 30 ஆகஸ்ட் 2023

அயோடின். மரம் மிச்சச் சர்க்கரையை மாவுச்சத்தாகத்தான் சேர்த்து வைக்கும், அயோடின் பட்டால் மாவுச்சத்து கறுக்கும். சேகோ ஆலைகள் நிறைந்த நம்ம சேலம் மாவட்டத்தில் இதை விளக்கவே வேண்டாம்.

100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 1 கிராம் அயோடின். முதலில் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் அயோடினைப் போட்டுக் கலக்கி, பிறகு 100 வரைக்கும் நிரப்பணும். அயோடினை நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும். பழுப்பு பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்க. இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் மருந்துக்கடை டிங்சர் அயோடின் வாங்கினால் போதும்.

பென்சில் கனத்துக் குச்சி, இலை முற்றிய கிளையிலிருந்து. பிளேடால் சோளத்தட்டை வில்லை மாதிரி நறுக்கி வெட்டுவாயில் 2 சொட்டு விடுங்க. 2 நிமிஷம் விட்டுக் கழுவி, 10 மடங்கு லென்ஸில் பாருங்க. நடுவிலிருந்து பட்டைப் பக்கம் சைக்கிள் கம்பி மாதிரி ஓடும் கோடுகளும் குச்சியின் நடுவில் இருக்கும் மென்மையான தக்கையைச் சுற்றிய வளையமும் கருநீலமானால் கையிருப்பு இருக்கிறது. மஞ்சள் பழுப்பாகவே நின்றால் காலி. முதலில் ஒரு ஜவ்வரிசியில் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்க. அது கறுக்கவில்லை என்றால் கோளாறு மருந்தில், மரத்தில் இல்லை.

இலையில் வேண்டாம். இலை மாவுச்சத்து பகலில் ஏறும், ராத்திரி இறங்கும். சாயங்காலம் பார்த்தவர் பணக்காரர், விடிகாலை பார்த்தவர் பரதேசி.

நாகலூர் காப்பி | 1 செப்டம்பர் 2023

காப்பியில் இதை வைத்தே அடுத்த வருஷத்தைச் சொல்லிவிடலாம். அரபிக்காவுக்குப் பிஞ்சை உதிர்த்துச் சுமையைக் குறைத்துக்கொள்ளும் குணம் குறைவு. பூத்தது பெரும்பாலும் பிடித்துவிடும். நிழல் மரத்தை ஒட்ட வெட்டிய தோட்டத்தில் கணுவுக்குக் கணு பூ, கணுவுக்குக் கணு காய். காய் நிரம்பும்போது குச்சியில் மாவுச்சத்து துளிகூட இருக்காது. முதலில் உறிஞ்சு வேர் செத்துப்போகும். பிறகு கிளை நுனி கறுத்து உள்நோக்கிக் காயும். பூஞ்சாணம் என்று மருந்தடிப்பார்கள். நோய் அதற்குப் பிறகு வருவது, முதலில் வந்தது பட்டினி. சில்வர் ஓக்கை அளவாக விட்டு நிழல் கொடுத்தால் பூவே குறைவாக வரும், செடி பிழைக்கும்.

இன்னொன்று. காப்பி மொட்டு 4–6 மி.மீ. வளர்ந்து நின்றுவிடும். வறட்சியில் கிடந்து, 25–40 மி.மீ. பூ மழை பெய்தால் 8–10 நாளில் மலை முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். செடியில் சர்க்கரை இருந்தும் இந்த மழை வராமல் மொட்டு அசையாது. அதனால் எல்லாமே சர்க்கரைதான் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அடிவாரம் | 1 செப்டம்பர் 2023

ஒப்ப வேண்டாம். நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் "முக்கால்வாசி சரி" என்றேன், அதை அரைவாசியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

மாமரத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பட்டையை ஒரு சுற்று உரித்து வளையம் எடுத்த கிளையில் இலையை முழுக்க உரித்துவிட்டு, குளிர்ந்த ராத்திரியில் வைத்தால் வருவது பூ இல்லை. மிகச் சில இலையை விட்டு வைத்தால் பூ வருகிறது. அந்தச் சில இலை செய்யும் சர்க்கரை ஒரு பூங்கொத்துக்குக் காணாது. அப்படியென்றால் இலை சர்க்கரையோடு ஒரு சேதியும் அனுப்புகிறது. அந்தச் சேதிக்கு 1930-களிலேயே சைலக்யான் ஃபுளோரிஜன் என்று பெயர் வைத்துவிட்டார். அது எஃப்டி என்கிற புரதம், ஃபுளோயத்தில் பயணம் செய்கிறது என்று 2007-ல் உறுதியானது. சர்க்கரை போகிற அதே வண்டியில் கடிதமும் போகிறது.

வேடிக்கை என்னவென்றால் சர்க்கரையும் தன் பங்குக்கு ஒரு சேதி சொல்கிறது. செல்லில் சுக்ரோஸ் ஏறினால் ட்ரெஹலோஸ்-6-பாஸ்பேட் என்ற பொருள் துளியளவு ஏறும். அதைச் செய்யும் மரபணு கெட்ட அராபிடாப்சிஸ் என்கிற ஆய்வுக்கூடச் செடி, நாள் நீளம் எல்லாம் சரியாக இருந்தும் பூக்க மறுக்கிறது. 2013-ல் வந்த முடிவு. சாப்பாடு இருக்கிறதா என்று சமையல்கட்டில் கேட்டுவிட்டுத்தான் விருந்தாளியை உள்ளே விடுகிறது செடி.

மாந்தோப்பு, டேனிஷ்பேட்டை | 3 செப்டம்பர் 2023

குச்சி பார்த்தேன். 14-ல் 11 மரம் நல்லா கறுத்தது, 3 சுமார். வளையம் எடுக்கலாமா?

அடிவாரம் | 3 செப்டம்பர் 2023

கறுத்துவிட்டதா? அப்போது ஒன்றும் செய்யாமல் விட்டாலே பூக்க வாய்ப்பு அதிகம். ஒரு வருஷம் காய்க்காமல் ஓய்வெடுத்த மரம். இப்போது வெல்லம் ஊற்றினால் வெல்லத்துக்குப் பேர், மருந்து ஊற்றினால் மருந்துக்குப் பேர். அந்த வீடியோவுக்குக் கீழே "எங்களுக்குப் பூத்தது" என்று எழுதியவர்கள் பாதிப்பேர் இந்தக் கணக்கு.

பார்த்தே ஆகணும் என்றால் 4 மரத்தில், மரத்துக்கு 2 கிளையில் மட்டும் எடுங்க. மற்ற 10 மரத்தைத் தொடாதீங்க. ஒப்பிட ஒன்று வேண்டாமா?

முறை: கை மணிக்கட்டுக் கனத்துக் கிளை, செப்டம்பர் கடைசி. கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, சுற்றி இரண்டு வெட்டு, இடைவெளி 4–5 மி.மீ. நடுப்பட்டையை உரித்து, வழவழவென்று தெரியும் கேம்பியத்தைத் துணியால் துடைத்து எடுக்கணும். கட்டையில் கத்தி இறங்கக் கூடாது. இறங்கினால் தண்ணி ஏறுகிற பாதை போச்சு, கிளை வாடும். கேம்பியத்தைத் துடைக்காமல் விட்டால் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டு வேலை வீண். மழை நாளில் வேண்டாம்.

அடிமரத்தில் ஒருபோதும் எடுக்காதீங்க. வளையத்துக்கு மேலே சர்க்கரை தேங்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். அகலம் 2 செ.மீ. என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு அகலம் கூடுவதற்குள் வேர் நொடித்துவிடும். அதோடு, சர்க்கரை அளவுக்கு மேல் தேங்கினால் இலையே தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். கிடங்கு நிரம்பிய ஆலை மாதிரி.

கல்டார் கேட்பீர்கள் என்று தெரியும். அதில் இருக்கும் பாக்லோபூட்ரசால், துளிரை நீள வைக்கும் ஜிப்ரலின் என்கிற ஹார்மோனின் உற்பத்தியைத் தடுக்கிற மருந்து. துளிர் அடங்குகிறது, துளிருக்குப் போக வேண்டிய சர்க்கரை மிஞ்சுகிறது. மருந்து சர்க்கரை தராது. கவிகை (மரத்தின் இலைக்குடை) விட்டத்தில் மீட்டருக்கு 3 மி.லி. என்பது பழக்கத்தில் உள்ள அளவு. குச்சி வெளுத்த மரத்துக்கு ஊற்றினால் பூவும் வராது, துளிரும் வராது. உங்கள் 3 சுமார் மரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பனமரத்துப்பட்டி பூக்காடு | 9 செப்டம்பர் 2023

குண்டுமல்லிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? நவம்பர் கடைசியில் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து பண்ணி, இலையையும் உருவிவிடுகிறோம். சர்க்கரை செய்கிற இலையை உருவினால் பூ எப்படி வருது?

அடிவாரம் | 10 செப்டம்பர் 2023

வேரிலும் அடிக்கட்டையிலும் இருக்கும் மாவுச்சத்தை உடைத்துத் துளிர் வருகிறது. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். அதனால் முதல் செலவு பழைய சேமிப்பு, பூ வரும்போது புது இலை கைகொடுக்கும். மாவில் முற்றிய கிளை வேணும், மல்லியில் புதுக் கிளை வேணும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறவரை நம்பாதீங்க. வருஷத்துக்கு இரண்டு கவாத்து போட்டால் சேமிப்பு ஏறுவதற்குள் மறுபடி எடுக்கிறோம், செடி சன்னமாகிவிடும்.

மொட்டு பறிப்பிலும் இதே கதை. விடிகாலையில் பறித்த வெள்ளை மொட்டு கூடையிலேயே சாயங்காலம் விரிகிறது, செடி ஒன்றும் அனுப்பாமலே. விரிய வேண்டிய சரக்கு இதழுக்குள் சேர்ந்துவிட்டது. பச்சை படிந்த மொட்டைப் பறித்தால் விரியாது, சரக்கு பாதிதான் ஏறியிருக்கும்.

இதழ் விரிவது பெரும்பாலும் தண்ணி வேலை. ரோஜா இதழில் மாவுச்சத்து இருக்கிறது. விரியும் சமயம் அது உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிறது. ஒரு பெரிய மூலக்கூறு ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறாக உடைந்தால் செல் தண்ணியை இழுத்து உப்பும், இதழ் மலரும். அதனால்தான் ஜாடித் தண்ணியில் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை போடுவது. சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியா பெருகித் தண்டின் குழாயை அடைக்கும், வெறும் தண்ணியில் வைத்ததைவிடச் சீக்கிரம் தலை தொங்கும். புளிப்புக்குக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, பிளீச்சிங் திரவம் சில சொட்டு சேர்க்கணும். கிளாடியோலஸுக்கு 20 சதவீதக் கரைசலில் ஒரு ராத்திரி மட்டும் வைத்துப் பிறகு வெறும் தண்ணி. ரோஜாவை அதில் வைத்தால் இலை கருகும்.

நாகலூர் காப்பி | 10 செப்டம்பர் 2023

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று நம்மவர்கள் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். பூவில் சர்க்கரை இருப்பதற்கு ஆராய்ச்சி வேறயா?

அடிவாரம் | 11 செப்டம்பர் 2023

நல்லா மாட்டினீங்க. இலுப்பை இந்த இழைக்கே தலைவர். இலை கொட்டி நிற்கிற காலத்தில் பூக்கிறது. இதழ்க்குழாய் சதைப்பற்றாகச் சர்க்கரை நிரம்பி, விடிகாலையில் உதிரும். அவ்வளவு சர்க்கரையும் கட்டையிலிருந்து வந்தது.

பதநீரும் அதேதான். பாளைக்குப் போகிற சாற்றை வழியில் மறித்துக் கலயத்தில் பிடிக்கிறோம். ஏறக்குறைய சுத்தமான ஃபுளோயம் சாறு, 10–14 சதவீதம் சுக்ரோஸ். தினமும் நுனியைச் சீவுவது ஏன்? வெட்டுப்பட்ட ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய் கேலோஸ் என்கிற பசையால் தன்னை அடைத்துக்கொள்ளும். சீவினால் புது வாய் திறக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் ஈஸ்ட் வந்து அதே இன்வர்டேஸ் வேலையைச் செய்து சுக்ரோஸை உடைத்துப் புளிக்க வைத்துவிடும். பூ தனக்காகச் செய்வதை ஈஸ்ட் கள்ளுக்காகச் செய்கிறது.

மலையில் கூந்தற்பனை இருக்கிறதே, அது இன்னும் கண்கூடு. வருஷக்கணக்கில் தண்டில் மாவுச்சத்தைச் சேர்க்கும். உச்சியில் முதல் பாளை விட்டு, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, கடைசிப் பாளையோடு மரம் சாகும். கிழக்குத் தீவுகளின் அசல் சேகோ பனையைப் பூப்பதற்குச் சற்று முன்னால் வெட்டுவதும் இதனால்தான். பூக்க விட்டால் மாவு தண்டில் நிற்காது. நம்ம ஊர் ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து வருவது. அந்தப் பனையின் பேரை மட்டும் எடுத்துக்கொண்டது.

சேனைக்கிழங்கையும் விட மனசில்லை. இலை வருவதற்கு முன்னால் கிழங்கிலிருந்து நேராகப் பூ கிளம்பும். மாவுச்சத்தை எரித்துச் சூடாகி, நாற்றத்தைக் காற்றில் ஏற்றி வண்டைக் கூப்பிடும். அந்தக் குடும்பத்துப் பூவைச் சூடேறச் சொல்லும் பொருள் சாலிசிலிக் அமிலம் என்று 1987-ல் கண்டுபிடித்தார்கள். விதைக்கிழங்குக்கு வைத்தது பூத்துவிட்டால் எடை குறையும், பூவைக் கண்டதும் ஒடித்துவிடுங்க.

அடிவாரம் | 4 நவம்பர் 2023

மேச்சேரிப் பக்கம் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது. கோடைத் தக்காளி பூ கொட்டுகிறது, மகரந்தத்தில் அயோடின் விட்டால் கறுக்கவில்லை, மலட்டு மகரந்தமா என்று. திறந்த பூவில் பார்த்திருக்கிறார். அங்கே நல்ல மகரந்தமும் கறுக்காது, அதற்குள் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். பூ விரிய 3 நாள் இருக்கும் மொட்டில் பார்க்கணும். வெப்பத்தில் அடிபட்ட செடியில் அந்த 3 நாள் மொட்டே வெளிறியிருக்கும். நெல்லில் நேர்மாறு, முற்றிய மகரந்தம் கறுத்தால்தான் நல்லது. நான் வேறொரு இழையில் இரண்டையும் ஒன்றாக எழுதியிருந்தேன், தப்பு.

மாந்தோப்பு, டேனிஷ்பேட்டை | 11 பிப்ரவரி 2024

கணக்கு கொடுக்கிறேன். வளையம் எடுத்த 8 கிளையில் 7 பூத்தது, பக்கத்துக் கிளைகளைவிட பத்துப் பன்னிரண்டு நாள் முந்தி. ஒன்றில் கத்தி ஆழமாகப் போய்விட்டது, வாடிப்போச்சு. தொடாத மரங்களும் பூத்தன. சுமார் 3-ல் ஒன்று மட்டும் வரலை. உண்மையைச் சொல்லிடறேன், 2 மரத்துக்கு வெல்லம் ஊற்றினேன். அதுவும் பூத்தது.

அடிவாரம் | 11 பிப்ரவரி 2024

வெல்லத்துக்கு மாலை போட்டுடலாம்.

முந்திப் பூத்ததற்குச் சர்க்கரை தேங்கியது மட்டும் காரணம் என்று எழுத மாட்டேன். வளையம் கடிதத்தையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. வேர் பக்கம் போயிருக்க வேண்டியதும் அந்தக் கிளையிலேயே நின்றிருக்கும்.

இனி வேலை காயில். ஒன்றைத் தவிர எல்லா மரமும் ஒன்றாகப் பூத்திருப்பதால் எல்லாம் ஒன்றாகக் காய்த்து, 2025-ல் ஒன்றாகப் படுத்துவிடும். 5 மரத்தில் பாதிக் கிளைகளின் பூங்கொத்தை இப்போதே கிள்ளி எடுங்க, பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்த பிறகு எடுத்தால் பாதிச் செலவு முடிந்திருக்கும். வளையம் எடுத்த கிளையில் காயைக் குறைத்தே விடுங்க. தழும்பு முழுக்க மூடிவிட்டதா என்று பாருங்க, மூடாத இடத்தில் ஈரக் களிமண்ணும் சாணமும் பூசித் துணி சுற்றணும். அறுவடை முடிந்த அடுத்த வாரம் அதே 14 மரத்திலும் குச்சி நறுக்கி எண்ணிக்கை போடுங்க. கிள்ளிய கிளை, கிள்ளாத கிளை தனித்தனியா.

மாந்தோப்பு, டேனிஷ்பேட்டை | 12 பிப்ரவரி 2024

பூங்கொத்தைக் கிள்ளச் சொன்னா வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க. 3 மரம்தான் தருவாங்க போல.

அடிவாரம் | 12 பிப்ரவரி 2024

3 போதும். வெல்லம் ஊற்றிய ஒன்றையும் அதில் சேர்த்துக்கோங்க.